கடைக்காரருக்கு முதல் கம்ப்யூட்டர் மொழி எது?



"பையன் கம்ப்யூட்டர் மொழி படிக்க வேண்டும் என்கிறான். எதைப் படிக்கச் சொல்லலாம்?" என்று சங்கக் கூட்டத்துக்கு வரும் உறுப்பினர்கள் கேட்பதுண்டு. சிலர் சற்றே குரலைத் தாழ்த்தி, "பையனுக்கு இல்லை அண்ணாச்சி, எனக்குத்தான்" என்பார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நாங்களும் பள்ளிப் படிப்போடு பருப்பு மண்டிக்கு வந்து உட்கார்ந்தவர்கள்தாம். அறுபதைத் தொட்ட பிறகுதான் இதைக் கற்கத் தொடங்கினோம். கற்கும்போது ஒரு பெரிய தவறும் செய்தோம். அதையும் மறைக்காமல் இக்கட்டுரையில் எழுதியிருக்கிறோம்.

முதலில் கம்ப்யூட்டர் மொழி என்றால் என்ன என்று தெளிவாக்கிக் கொள்வோம். கடைக்குப் புதிதாக வந்த ஒரு பையனுக்கு வேலை சொல்லும் முறைதான் அது. இந்தப் பையன் சொன்னதை மட்டும் செய்வான். சொல்லாமல் விட்டதைத் தானாக ஊகித்துக் கொள்ள மாட்டான். நாம் சொன்னது தவறாக இருந்தால் அந்தத் தவறையும் சலிப்பில்லாமல் ஒரு நொடியில் ஆயிரம் தடவை செய்து வைப்பான். வரிசையாக எழுதி வைத்த இந்தக் கட்டளைகளுக்குத்தான் புரோகிராம் என்று பெயர்.

இது படித்தவர்கள் சமாசாரம், வியாபாரிக்கு ஒட்டாது என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1959-ம் ஆண்டில் அமெரிக்காவில் உருவாக்கத் தொடங்கிய கோபால் என்னும் மொழி, வணிகக் கணக்குக்கென்றே ஏற்பட்டது. நம் நாட்டிலேயே எடுத்துக் கொண்டால், இன்று பல கடைகளில் இருக்கும் டேலி ஒரு வியாபாரியின் தேவையிலிருந்து பிறந்ததுதான். ஷியாம் சுந்தர் கோயங்கா என்பவர் ஆலைகளுக்கு மூலப்பொருளும் இயந்திர உறுப்புகளும் விற்று வந்தார். தம் கணக்கை எழுதத் தோதான புரோகிராம் கிடைக்கவில்லை. மகன் பரத் கோயங்காவிடம் சொன்னார். மகன் எழுதினார். 1986-ல் பெங்களூரில் தொடங்கிய அந்தத் தொழிலுக்காகவே மகனுக்குப் பின்னாளில், 2020-ல், பத்மஸ்ரீ விருதும் அறிவிக்கப்பட்டது. தகப்பனார் கடைக் கஷ்டத்தைச் சொல்ல, பிள்ளை அதற்கு வழி எழுதியதில்தான் எல்லாம் தொடங்கியது.

எந்த மொழி?

1990-களில் நம்மில் பலர் கடையில் ஃபாக்ஸ்புரோவில் எழுதிய பில் புரோகிராம் ஓடியது நினைவிருக்கும். நல்ல மொழிதான். ஆனால் எழுதிக் கொடுத்தவர் வேலை கிடைத்து வெளியூர் போனதும் அதைத் திருத்த ஆள் கிடைக்காமல் தவித்தோம். 2004-ல் அதன் கடைசிப் பதிப்பு வந்தது. 2015 ஜனவரியோடு அதை உருவாக்கிய நிறுவனத்தின் ஆதரவும் முடிந்தது. ஆகவே லாரி வாங்கும்போது உதிரி பாகம் நம் ஊரில் கிடைக்குமா என்று பார்ப்பது போல, மொழியைத் தேர்ந்தெடுக்கும்போதும் சந்தேகம் கேட்க நாலு பேர் பக்கத்தில் இருப்பார்களா என்று பார்க்க வேண்டும்.

அந்தக் கணக்குப்படி பார்த்தால் எங்கள் சிபாரிசு பைத்தான். நெதர்லாந்து நாட்டுக்காரரான கைடோ வான் ராசம் இதை 1991-ல் வெளியிட்டார். விலை கிடையாது. கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகளில் பலருக்கும் தெரிந்த மொழி. எழுதும் வரிகள் குறைவு. வரி தவறினால் எந்த வரியில் தவறு என்று ஓரளவு சொல்லியும் விடும்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒரு படி இருக்கிறது. எக்செல் தாளில் கூட்டல் மட்டும் போட்டுக் கொண்டிருப்பவர்கள் ஒரு மாதம் சூத்திரங்களைப் பழகுவது நல்லது. "பாக்கி 30 நாளைத் தாண்டினால் 'கேள்' என்று காட்டு" என்று ஒரு கட்டத்தில் எழுதத் தெரிந்தால், புரோகிராம் எழுதுவதில் கால்வாசி தெரிந்து விட்டது என்று பொருள். அதற்கு மேல் எக்செலுக்குள்ளேயே மேக்ரோ எழுத விரும்புவோர் வி.பி.ஏ. என்பதைக் கற்கலாம். ஆனால் அது எக்செலை விட்டு வெளியே அதிகம் பயன்படாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறோம். சி மொழி 1970-களின் தொடக்கத்தில் பிறந்தது. கம்ப்யூட்டரின் உள்ளே நடப்பதை அறிய நல்லது, பில் போட வேண்டிய நமக்கு முதல் மொழியாக வேண்டாம். கடைக்கு வலைப்பக்கம் அமைத்து விலைப்பட்டியல் போட வேண்டும் என்பதே நோக்கமானால் ஜாவாஸ்கிரிப்ட் முதலில் வரலாம். பெரிய பேரேடுகளிலிருந்து வேண்டிய கணக்கை எடுக்க எஸ்.க்யூ.எல். உண்டு, அது இரண்டாவது பாடம். வீட்டில் பத்து வயதுப் பேரப்பிள்ளை இருந்தால், கட்டைகளை அடுக்குவது போலக் கட்டளைகளை அடுக்கும் ஸ்கிராச் பொருத்தம். தமிழ்ச் சொற்களாலேயே கட்டளை எழுதும் எழில் என்ற மொழியும் இருக்கிறது. ஆங்கிலம் கண்டு அஞ்சுபவர்கள் அதில் ஒரு வாரம் பழகினால் பயம் தெளியும்.

"கேட்டால் புரோகிராமைத் தானே எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு வந்து விட்டதே, நாம் ஏன் படிக்க வேண்டும்?" என்று ஓர் இளைஞர் எங்களைக் கேட்டார். நியாயமான கேள்வி. கணக்குப்பிள்ளை வைத்துக் கொண்ட பிறகும் நம் முன்னோர் பிள்ளைகளுக்குப் பேரேடு படிக்கக் கற்றுக் கொடுத்தார்களே, அது ஏன் என்று அவரைத் திருப்பிக் கேட்டோம். எழுதித் தந்ததைப் படித்துச் சரிபார்க்கத் தெரிய வேண்டும். கீழே வரும் பயிற்சிகள் அதற்குத்தான்.

மூட்டைச் சிட்டை

புத்தகங்களில் முதல் பயிற்சியாக விளையாட்டு எழுதச் சொல்வார்கள். நாங்கள் அதை ஒப்பவில்லை. விடை என்னவென்று நமக்கு முன்பே தெரிந்த கணக்கைத்தான் முதலில் எழுத வேண்டும். நேற்றைய சிட்டையை எடுத்துக் கொள்ளுங்கள். கையால் கூட்டிய தொகை அதில் இருக்கிறது. புரோகிராம் தரும் தொகை அதனோடு பொருந்துகிறதா என்று உடனே பார்த்து விடலாம்.

பத்து மூட்டை உளுந்து என்று வைத்துக் கொள்வோம். மொத்த எடை 502 கிலோ 500 கிராம். சாக்கு ஒன்றுக்கு 600 கிராம் கழித்தால் 6 கிலோ போக நிகர எடை 496 கிலோ 500 கிராம். குவிண்டால் 9,400 ரூபாய் என்றால் தொகை 46,671 ரூபாய். இதைப் பைத்தானில் எழுத, பத்து எடைகளையும் ஒரு பட்டியலாகக் கொடுத்து, "ஒவ்வொன்றாக எடுத்துக் கூட்டு" என்று சொல்ல வேண்டும். இப்படித் திரும்பத் திரும்பச் செய்வதை லூப் என்பார்கள்.

இங்கே ஒரு நுட்பம். குவிண்டால் விலையைக் கிலோ விலையாக்க 100-ஆல் வகுக்க மறந்தால் 46 லட்சத்து 67 ஆயிரத்து 100 என்று வரும். பார்த்ததும் சிரித்து விட்டுத் திருத்தி விடுவோம். இதனால் நஷ்டமில்லை. ஆனால் சாக்கைக் கழிக்கும் வரியை லூப்புக்கு வெளியே எழுதி விட்டால் என்ன ஆகும்? பத்துச் சாக்குக்குப் பதில் ஒரே சாக்கு கழியும். நிகர எடை 501 கிலோ 900 கிராம், தொகை 47,178 ரூபாய் 60 காசு. பார்ப்பதற்குச் சரியான பில் போலவே இருக்கும். பைத்தானில் ஒரு வரி லூப்புக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதை, அந்த வரி எவ்வளவு உள்தள்ளி எழுதப்பட்டிருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. நாலு எழுத்து இடைவெளி போனால் 507 ரூபாய் 60 காசு போயிற்று. பெரிய தவறு தானே காட்டிக் கொடுத்து விடும். சின்னத் தவறுக்குத்தான் நாம் பயப்பட வேண்டும்.

பில்லும் காசும்

அடுத்து ஜி.எஸ்.டி. பில். முன்கூட்டியே பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய அரிசி, பருப்புக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத வரி வந்தது நினைவிருக்கும். 25 கிலோவுக்கு மேற்பட்ட மூட்டைக்கு அது இல்லை. 26 கிலோ அரிசி மூட்டை எப்படிக் கடைக்கு வந்தது என்பதும் நமக்குத் தெரியும். "எடை இவ்வளவானால் வரி போடு, இல்லையானால் போடாதே" என்ற நிபந்தனையை எழுதிப் பழக இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. எழுதிய பின் 24, 25, 26 என்று மூன்று எடைகளையும் கொடுத்துப் பாருங்கள். முதன்முறை எழுதுபவர்கள் "25-க்குக் குறைவானால்" என்று எழுதி விடுவார்கள். அப்போது சரியாக 25 கிலோ மூட்டை வரியில்லாமல் தப்பி விடும். "25 வரை" என்பதே விதி. எல்லைக்கோட்டில் நிற்கும் எண்ணைச் சோதிக்காமல் எந்தப் புரோகிராமையும் நம்பக் கூடாது.

வரி விகிதத்தைக் கணக்கு வரியின் நடுவே எழுதவும் கூடாது. 2025 செப்டம்பர் 22-ல் பிஸ்கட், சோப்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் எல்லாம் 18-லிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கின. நெய்யும் வெண்ணெயும் 12-லிருந்து 5-க்கு வந்தன. புரோகிராமில் அங்கங்கே 18 என்று எழுதி வைத்திருந்தால் ஒவ்வொரு இடமாகத் தேட வேண்டும். ஒன்று தப்பினால் வாடிக்கையாளரிடம் பேச்சு வாங்க வேண்டும். பொருள், விகிதம், எந்தத் தேதி முதல் என்று மூன்று பத்தியில் தனி அட்டவணை வைத்து, புரோகிராம் அதைப் பார்த்துக் கொள்ளும்படி எழுத வேண்டும். 'எந்தத் தேதி முதல்' என்ற பத்தி ஏன் என்றால், பழைய பில்லுக்குச் சரக்கு திரும்பி வரும்போது பழைய விகிதமே வேண்டும்.

இனி காசு. பைத்தானிடம் பத்துக் காசையும் இருபது காசையும் கூட்டச் சொன்னால், அதாவது 0.1, 0.2 என்று கொடுத்தால், 0.30000000000000004 என்று விடை தரும். முதலில் நாங்கள் கம்ப்யூட்டர் கெட்டு விட்டது என்றே நினைத்தோம். கெடவில்லை. நூறு ரூபாயை மூன்று பங்காளிகளுக்குப் பிரித்தால் 33 ரூபாய் 33 காசு போக ஒரு காசு மிஞ்சுகிறதல்லவா? நம் பத்தின் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு முடிவதில்லை. கம்ப்யூட்டர் இரண்டின் கணக்கில் எண்ணுவதால் அதற்குப் பத்தில் ஒரு பங்கு முடிவதில்லை. பழைய கோபால் மொழி வணிகத்துக்கென்று பிறந்ததால் பத்தின் கணக்கிலேயே காசை வைத்துக் கொண்டது. பைத்தானிலும் அதற்கென்று டெசிமல் என்ற தனிப் பகுதி உண்டு. எளிய வழி, எல்லாத் தொகையையும் காசாக மாற்றி முழு எண்ணாக வைத்துக் கொள்வது. 12 ரூபாய் 50 காசு என்பதை 1250 என்று வைத்து, அச்சிடும்போது மட்டும் ரூபாயாக்குங்கள்.

ரூபாய்க்கு முழுமையாக்குவதிலும் கவனம் வேண்டும். 50 காசும் அதற்கு மேலும் இருந்தால் அடுத்த ரூபாய் என்பது நம் வழக்கம். எக்செல் 12.50-ஐ 13 ஆக்கும். பைத்தானின் ரவுண்ட் கட்டளை அதையே 12 ஆக்கும், 13.50-ஐயோ 14 ஆக்கும். சரி பாதியில் நின்றால் இரட்டைப்படை எண்ணுக்குப் போவது அதன் விதி. இரண்டிலும் ஒரே பில்லைப் போட்டு ஒரு ரூபாய் வித்தியாசத்துக்காக எங்கள் கணக்குப்பிள்ளை ஒரு ராத்திரி முழுவதும் உட்கார்ந்திருந்தார்.

வட்டிக் கணக்கில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 40,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 18 சதவீதம், 45 நாள். வருஷத்துக்கு 365 நாள் என்றால் 887 ரூபாய் 67 காசு. மாதத்துக்கு 30 நாள், நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் என்று நம் வழக்கப்படி போட்டால் 900 ரூபாய். இரண்டும் சரிதான். எந்த வழக்கம் என்று நாம் சொல்லாவிட்டால் கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

பயிற்சியை எப்போதும் கணக்கின் நகலில்தான் செய்ய வேண்டும். அசல் கோப்பைத் தொடக் கூடாது. இன்னொரு நகல் கடைக்கு வெளியே, வீட்டில் இருக்கட்டும்.

இவ்வளவும் பழகியவர்கள் வங்கிக் கணக்கை ஒத்துப் பார்க்கும் பயிற்சிக்கு வரலாம். யு.பி.ஐ. வழியாக நாள் முழுவதும் சிறு சிறு தொகையாக வந்து விழும் பணத்தைக் கடைச் சிட்டையோடு ஒத்துப் பார்ப்பது பெரிய தொல்லையல்லவா? வங்கியிலிருந்து கணக்கை சி.எஸ்.வி. கோப்பாக இறக்கிக் கொண்டு, சிட்டையில் இருந்து வங்கியில் இல்லாதவை, வங்கியில் இருந்து சிட்டையில் இல்லாதவை என்று இரண்டு பட்டியல் எடுக்கலாம். தொகை 1,25,000 என்று கமாவோடு இருந்தால் பைத்தான் அதை எண்ணாக ஏற்காது. கமாவை நீக்கி விட்டுப் படிக்கச் சொல்ல வேண்டும்.

தேதியில் நாங்கள் சறுக்கியது

பாக்கிப் பட்டியல்தான் எங்கள் முதல் பெரிய முயற்சி. யார் எத்தனை நாள் பாக்கி என்று 30, 60, 90 நாள் வாரியாகப் பிரித்துத் தரும் புரோகிராம். 2022 நவம்பரில் எழுதி முடித்தோம். அவ்வளவு பெருமையாக இருந்தது.

25-ம் தேதி பட்டியல் எடுத்தபோது, எங்களிடம் பல வருஷமாகச் சரக்கு எடுக்கும் ஒரு கிராமத்துக் கடைக்காரர் பெயருக்கு நேராக 259 நாள் பாக்கி என்று வந்தது. தவணை 30 நாள்தான். ஒரு நாளும் தவறாதவர் இப்படிச் செய்து விட்டாரே என்று நினைத்தோமே தவிர, பேரேட்டைப் புரட்டிப் பார்க்கவில்லை. வசூலுக்குப் போகும் பையனிடம் சீட்டைக் கொடுத்தனுப்பினோம். அவன் கடையில் ஆட்கள் நிற்கும் நேரத்தில் "எட்டு மாசப் பாக்கி" என்று சொல்லியே கேட்டிருக்கிறான்.

மறுநாள் முதல் பஸ்ஸில் அவரே வந்தார். முழுப் பணத்தையும் மேஜையில் வைத்தார். பக்கத்தில் எங்கள் பில்லையும் வைத்து, "தேதியை ஒரு தடவை படியுங்கள் அண்ணாச்சி" என்றார். 3-11-2022. இருபத்திரண்டே நாள்.

பில்லில் 03/11/2022 என்று இருந்ததை, புதிதாக வாங்கிய கம்ப்யூட்டர் அமெரிக்க வழக்கப்படி மார்ச் மாதம் 11-ம் தேதி என்று எடுத்துக் கொண்டது. மாதத்தின் முதல் 12 தேதிகளில் போட்ட பில் எல்லாவற்றிலும் நாளும் மாதமும் இடம் மாறின. 12-க்கு மேற்பட்ட தேதிகளை அது தேதியாகவே ஏற்கவில்லை, வெறும் எழுத்தாக வைத்துக் கொண்டது. எக்செல் தாளில் தேதி வலப்பக்கம் ஒட்டியும் எழுத்து இடப்பக்கம் ஒட்டியும் நிற்கும். பத்தி முழுவதும் அப்படிக் கலந்து கிடந்ததைப் பார்த்தும் அர்த்தம் புரியவில்லை. இதைவிட மோசம், "படிக்க முடியாத வரி வந்தால் விட்டு விடு" என்று புரோகிராமில் நாங்களே எழுதி வைத்திருந்தோம். அப்போதுதான் அது பாதியில் நிற்காமல் ஓடியது. ஆகவே உண்மையிலேயே மூன்று மாதம் இழுத்தடித்தவர்கள் சிலர் பட்டியலிலேயே இல்லை. தவறாதவர் பெயர் மட்டும் தலையில் நின்றது.

மன்னிப்புக் கேட்டோம். "பரவாயில்லை" என்றார். வரவழைத்த காப்பியைத் தொடாமல் எழுந்து போனார். இப்போதும் எங்களிடம் துவரம் பருப்பு மட்டும் எடுக்கிறார். மற்றதெல்லாம் வேறு மண்டியில்.

அதன் பிறகு எங்கள் கோப்புகளில் தேதியை வருஷம், மாதம், நாள் என்ற வரிசையில் 2022-11-03 என்றே எழுதுகிறோம். பைத்தானிடமும் இந்த வரிசையில்தான் படிக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லி விடுகிறோம். படிக்க முடியாத வரி வந்தால் விட்டு விடாமல், அங்கேயே நின்று வரி எண்ணைச் சொல்லும்படி மாற்றினோம்.

பட்டியல் எடுப்பதற்கு முன் நான்கு பொய் பில்களை அது தாண்டியாக வேண்டும் என்றும் வைத்திருக்கிறோம். ஒன்று, நவம்பர் 3-ம் தேதியிட்டது. இரண்டாவது, 2024 பிப்ரவரி 15-ல் தொடங்கி மார்ச் 15-ல் முடிவது. அதில் 29 நாள் வர வேண்டும், 28 வந்தால் தவறு. மூன்றாவது, மார்ச் 31-ல் போட்டு ஏப்ரலில் பணம் வந்தது. நான்காவது, தொகையில் 1,25,000 என்று கமா போட்டது. நான்குக்கும் சரியான விடையைக் கையால் எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறோம். கணக்குப்பிள்ளை அதை ஒத்துப் பார்த்து, பேரேட்டிலும் பெயரைப் புரட்டிய பிறகே வசூல் சீட்டு பையன் கைக்குப் போகிறது.